பத்தாவது கிணறு

அத்தியாயம் 8

திங்கட்கிழமை காலையில் கிருபா ஊரப்பாக்கம் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். அல்லது நிற்க வேண்டியதில்லை. எது என்பது இன்று, வெள்ளிக்கிழமை பிற்பகலுக்குள் தெரிந்துவிடும்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அவள் அப்பா எலியேசர் போட்ட உத்தரவு அது.

"காலேஜுக்குக் கமிட்டி வருதுன்றே. வரட்டும். உன் ஆராய்ச்சிக்கு ஒத்துக்கினு சம்பளம் போட்டாங்கன்னா நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். இல்லன்னா திங்கக்கெழம டீச்சர் வேலையில போய்ச் சேரு. பாஸ்டரய்யா கிட்ட சொல்லி வெச்சிட்டேன்."

சொல்லிவிட்டு ரசம் ஊற்றச் சொன்னார். பேச்சு முடிந்தது.

பல்லாவரத்தில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் எலியேசர் மேஸ்திரி. வாலிப வயதில், தோலை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழியில் இறங்கியவர். அவர் உழைப்பை மெச்சி, முதலாளி மலையடிவாரத்து மேட்டில் ஒரு மனையை அவர் பேருக்கு எழுதிக் கொடுத்திருந்தார். இப்போது குடியிருக்கும் வீடு அந்த மனையில் எழுந்ததுதான். நல்ல மனை. மேற்கு மூலையில் மட்டும் எதுவும் பிடிக்காது. ஒடித்து நட்டாலே தழைக்கிற முருங்கை, அங்கே வைத்த தடவையெல்லாம் பட்டுப்போயிற்று.

அந்தக் குடும்பத்தில் அதுவரை யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. கிருபா மிதித்தாள். கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்ஸி. முடித்தாள். முடித்த பிறகும் வெளியே வரமாட்டேன் என்று அங்கேயே நிற்கிறாள். அப்பாவுக்குப் புரியாதது இதுதான். படித்தால் வேலைக்குப் போக வேண்டும். படித்து முடித்துவிட்டு ஊர்க் கிணறுகளை எட்டிப் பார்த்துக்கொண்டு திரிவது என்ன பிழைப்பு?

எட்டித்தான் பார்த்தாள். டேனரிக் கழிவு மண்ணுக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்பது அவளுடைய கேள்வி. டேனரிச் சுவரை ஒட்டிய கிணறு முதலாவது. அங்கிருந்து மேடு ஏற ஏற ஒவ்வொரு கிணற்றின் சுவரிலும் சுண்ணாம்பால் எண் எழுதியிருந்தாள். பத்தாவது அவர்கள் வீட்டுக் கிணறு.

முதலாவது கிணற்றில் வாய் வைக்க முடியாது. பத்தாவது பளிங்கு. அந்தப் பத்தாவது நன்றாக இருப்பதால்தான் மற்றவை கெட்டவை என்று அவளால் நிரூபிக்க முடிந்தது. ஒப்பிட்டுக் காட்ட ஒரு நல்ல தண்ணீர் வேண்டுமே.

வெள்ளிதோறும் விடியுமுன் சைக்கிளில் கிளம்பி, பெண்கள் குடத்தோடு வந்து கலக்குவதற்குள் மற்ற கிணறுகளை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுவாள். தன் வீட்டுக் கிணற்றை மட்டும் அம்மா தபீதாளிடம் ஒப்படைத்திருந்தாள். அம்மா ஒரு வாரம்கூடத் தவறவிட்டதில்லை. கிருபா திரும்பும்போது மூடி இறுக்கி, ஈரம் துடைத்து, அடுப்பங்கரை மாடத்தில் ஓமவாட்டர் சீசாவுக்குப் பக்கத்தில் அவளுடைய பாட்டில் தயாராக நிற்கும்.

இன்று கமிட்டிக்குக் காட்ட முதலாவதும் பத்தாவதும் போதும் என்று பேராசிரியர் தயாளன் சொல்லியிருந்தார். அதனால் சீக்கிரமே திரும்பிவிட்டாள்.

அடுப்பங்கரையில் தபீதாள் பித்தளைக் குடத்தின் தட்டை விலக்கி, டம்ளரால் மொண்டு மொண்டு பாட்டிலில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா பண்றே?"

"பாத்தா தெரியல? உன் பாட்டிலுக்குத் தண்ணி ரொப்புறேன்."

"அது நல்ல தண்ணிக் கொடம்."

"நல்ல தண்ணிதான். காலேஜுக்குக் கெட்ட தண்ணியையா குடுத்து அனுப்புவாங்க?"

"கெணத்துத் தண்ணிதானே கேட்டேன்?"

"சர்ச்சு கெணறு கெணறு இல்லியா? நேத்து சாயங்காலம் வரிசையில நின்னு கொண்டாந்தது. கல்கண்டு மாதிரி கீது."

கிருபா கையில் இருந்த முதலாவது கிணற்றுப் பாட்டிலைத் தரையில் வைத்தாள்.

"எப்பவும் இதுலேர்ந்துதான் ரொப்புறியா?"

"ஒரு வாரம் தவறினதில்ல." தபீதாளின் குரலில் பெருமை. "உங்கப்பாவுக்குக் காப்பித் தண்ணி இல்லாட்டியும் உன் பாட்டிலுக்கு எடுத்து வெச்சிடுவேன்."

அந்த வீட்டில் அது சட்டம். சர்ச் காம்பவுண்டுக் கிணற்றிலிருந்து வீட்டுக்கு இரண்டு குடம் என்று அளந்து விடுவார்கள். வாசலைத் தாண்டிப் போகிற தண்ணீர் அந்தக் குடத்திலிருந்துதான் போக வேண்டும். தபால்காரர் கேட்டாலும் சரி, வளையல்காரி கேட்டாலும் சரி. வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் துவைக்க, தேய்க்க, குளிக்க. அதை வெளியாளுக்குக் கொடுத்தால் அந்த வீட்டுப் பொம்பளைக்கு மானம் போச்சு. கல்லூரி வெளியாள். ஆராய்ச்சி வெளியாள். டில்லியிலிருந்து வருகிற கமிட்டி, வெளியாளிலும் பெரிய வெளியாள்.

"ஏம்மா, சொல்லியிருக்கக் கூடாதா?"

"இதுல சொல்றதுக்கு இன்னாடி கீது? நாலு பேரு தூக்கிப் புடிச்சிப் பாக்குற தண்ணி. எலியேசர் வூட்டுத் தண்ணி கலங்கல்னு எவனாவது எழுதி வெச்சா? நாளைக்கு உன்னப் பொண்ணு கேட்டு வர்றவன் வாசல்லயே திரும்பிப் பூட மாட்டான்?"

கிருபா கோபத்துக்காகக் காத்திருந்தாள். சாதாரணமாக அவளுக்குக் கோபம் கேட்காமலே வரும். பஸ்ஸில் இடித்தவனை, 'பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு ஆராய்ச்சி' என்ற பாஸ்டரை, ஒருத்தரையும் விட்டதில்லை. இப்போது உள்ளே தேடிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. கை மட்டும் மரத்துப்போன மாதிரி இருந்தது.

ஊரில் இருக்கிற கிணறு ஒவ்வொன்றையும் நாக்கில் தொட்டுப் பார்த்தவள். தன் வீட்டுக் கிணற்றை ஒரு தடவை தொட்டுப் பார்க்கவில்லை. சோதனையில் வந்த எண்கள் நன்றாக இருந்தன. எண்கள் நன்றாக இருந்தால் படித்தவர்கள் நாக்கை நம்புவதில்லை.

கொல்லைக்குப் போனாள். கயிற்றை இறக்கி ஒரு வாளி இழுத்தாள். இழுக்கும்போது உள்ளே பார்த்தாள். மேற்குப் பக்க உறையின் இடுக்கில் தேநீர்ச் சாயம் போல ஒரு கறை, கசிந்து கசிந்து கீழே இறங்கியிருந்தது. பாசி என்று நினைத்து இத்தனை நாள் பார்த்த கறை.

இன்னொரு பாட்டிலை நிரப்பிக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுக் கங்கம்மா, துணி உலர்த்திக்கொண்டே வேலிக்கு மேலே தலையை நீட்டினாள். "இன்னா கிருபா, இன்னிக்கு உங்க வூட்டுக் கெணத்துலயும் பாட்டிலா? ஏவாரம் ஜோரா கீது போல!"

"ஆமாக்கா. பெரிய பார்ட்டி வருது."

"அப்ப ரேட்ட ஏத்திச் சொல்லு!"

கங்கம்மா சிரித்தாள். கிருபாவும் சிரித்தாள். வாய் தானாகச் சிரித்துக்கொண்டது.

தாம்பரம் போகும் மின்சார ரயிலில் பியூலா இடம் போட்டு வைத்திருந்தாள். கூடப் படித்தவள். இப்போது பாங்குப் பரீட்சைக்குத் தாம்பரத்தில் டியூஷன் போகிறாள்.

"மூஞ்சி ஏண்டி இப்படி இருக்கு? இன்னிக்குத்தானே உன் கமிட்டி?"

கிருபா விஷயத்தைச் சொன்னாள். வேறு யாருக்கோ நடந்ததைப் போல, ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னாள்.

பியூலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்தினாள். "யாருக்குத் தெரியும்?"

"அம்மாவுக்கு. எனக்கு. இப்ப உனக்கு."

"அப்போ விடு. உங்கம்மாவா டில்லிக்காரங்க முன்னால வந்து சாட்சி சொல்லப் போறாங்க? முதல்ல ஃபெலோஷிப்பை வாங்கு. கிணறு எங்கேயும் ஓடிடாது."

"கணக்கு பொய் பியூலா."

"எல்லாக் கணக்கும் கொஞ்சம் பொய்தான். நான் பாங்குக்குப் போறவ, எனக்குத் தெரியாதா? உனக்கு ஒண்ணு சொல்றேன் கேளு. உன்னை மாதிரிப் படிச்சவளுக்கு இந்த நாட்டுல வேலையே இன்னும் பொறக்கலை. தண்ணி, காத்து, மண்ணு. இதுக்கெல்லாம் எந்த ஆபீஸ்ல நாற்காலி போட்டிருக்கான்? என்னவோ ஒண்ணு இன்னிக்குத்தான் வருது. அதையும் எட்டி உதைக்காதே."

அவள் சொன்னதில் தப்பில்லை. தண்ணீரைக் கெடுப்பவர்களைத் தடுக்கப் போன வருஷம் டில்லியில் ஒரு சட்டம் பிறந்துவிட்டது. மெட்ராஸுக்கு அது இன்னும் ரயிலேறவில்லை. ஏறி வந்தால் வாரியம் வரும், பரிசோதனைச் சாலை வரும், வேலை வரும் என்று தயாளன் சார் வகுப்புக்கு வகுப்பு சொல்லிக்கொண்டிருக்கிறார். அதுவரைக்கும் தாக்குப்பிடிக்க மூன்று வருஷத்து ஆராய்ச்சிச் சம்பளம் ஒன்று. அதற்குத்தான் கமிட்டி.

குரோம்பேட்டை தாண்டியது. ஜன்னல் வழியாகத் தோல் நாற்றம் உள்ளே வந்து, எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்தது. எவரும் மூக்கைப் பிடிக்கவில்லை. இந்த லைன்காரர்களுக்கு அது ஸ்டேஷன் போர்டு மாதிரி.

கல்லூரிப் பரிசோதனைக் கூடத்தில் கிருபா மூன்று கண்ணாடிக் குழாய்களை வரிசையாக நிறுத்தினாள். டேனரிக் கிணறு. சர்ச் கிணறு. வீட்டுக் கிணறு.

தோலை ஆவாரம் பட்டையில் ஊறப்போடுவது பழைய முறை. பட்டைச் சாறு கலந்த தண்ணீரில் இரும்பு உப்புக் கரைசலை ஒரு சொட்டு விட்டால் மையாகக் கறுக்கும். சின்னப் பிள்ளைகள்கூடச் செய்யக்கூடிய சோதனை.

முதல் குழாய் லேசாக மங்கியது. இரண்டாவது அப்படியே இருந்தது. மூன்றாவது, சிலேட்டைக் கழுவின தண்ணீராயிற்று.

மறுபடி செய்தாள். மறுபடியும் சிலேட்டு.

டேனரிச் சுவரை ஒட்டிய கிணற்றைவிட மேட்டு வீட்டுக் கிணறு கறுத்தது.

"ரெடியா கிருபா?" என்று கேட்டுக்கொண்டே பேராசிரியர் தயாளன் வந்தார். இன்றைக்கென்று டை கட்டியிருந்தார். குழாய்களைப் பார்த்ததும் நின்றார். அவள் சொன்னதைக் கேட்டார். பிறகு போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"உங்கம்மாவைத் தவிர வேற யாரும் இந்த உலகத்துல இப்படி ஒரு தப்பைப் பண்ணியிருக்க முடியாது."

"ஆமா சார்."

"லுக். மூணாவது டியூபை வாஷ் பண்ணிடு. பழைய கிராஃபையே மாட்டு. நான் பேசிக்கறேன். சாங்ஷன் ஆகட்டும். முதல் வருஷ ரிப்போர்ட்ல 'மறு ஆய்வில் தெரியவந்தது'ன்னு ஒரு பாரா போட்டுத் திருத்திக்கலாம். எல்லாரும் பண்றதுதான்."

"பொய் சொல்லியா சார்?"

"உண்மையைக் கொஞ்சம் லேட்டாச் சொல்லி." அவர் குரல் தாழ்ந்தது. "உனக்காக மட்டும் சொல்றேன்னு நினைக்காதே. இது சாங்ஷன் ஆனா அடுத்த வருஷம் இதையே ஒரு கோர்ஸா கொண்டு வரலாம்னு பிரின்சிபால் சொல்லியிருக்கார். இது போச்சுன்னா, பல்லாவரத்துலேர்ந்தும் பெரும்பாக்கத்துலேர்ந்தும் வர்ற பிள்ளைங்க மறுபடியும் பாங்குப் பரீட்சைதான் எழுதணும். உன் மனசாட்சிக்கு அவங்க எல்லாருமா விலை கொடுக்கணும்?"

கெட்டிக்காரர். அவளிடம் எந்தக் கதவு திறக்கும் என்று அவருக்குத் தெரியும். நேற்றாக இருந்தால் அவருடன் அரை நாள் சண்டை போட்டிருப்பாள். இன்று, "சரி சார்" என்றாள். எதற்குச் சரி என்று அவளுக்கே தெரியவில்லை.

கமிட்டியில் இரண்டு பேர். சென்னை அலுவலகம் ஒன்றிலிருந்து வந்த வழுக்கைத் தலைக்காரர் மெதுவடையில் கவனமாக இருந்தார். இன்னொருவர் சுந்தரவல்லி. டில்லியில் பெரிய விஞ்ஞானி. நூல் புடவை, ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம். கேள்வியை இங்கிலீஷில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார்.

தயாளன் அழகாகப் பேசினார். சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் கோடு டேனரியில் உயர்ந்து, மேடு ஏற ஏறச் சரிந்து, பத்தாவது கிணற்றில் தரையைத் தொட்டது. பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியான கோடு.

"வெரி நீட்" என்றார் வழுக்கைக்காரர்.

"ரொம்ப நீட்" என்றார் சுந்தரவல்லி. "இந்தப் பத்தாவது கிணறு யாரோடது?"

தயாளன் வாயைத் திறப்பதற்குள், "எங்க வீட்டுக் கிணறு மேடம். ஆனா அந்தக் கணக்கு பொய்" என்று ஒரு குரல் கேட்டது. தன் குரல்தான் என்று கிருபாவுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

இதைத் தைரியம் என்று யாராவது சொன்னால் அவர்கள் வாயிலேயே ஒன்று போட வேண்டும். தைரியமெல்லாம் இல்லை. பொய்யைக் காப்பாற்றுவதற்குக் கொஞ்சம் தெம்பு வேண்டும். அது அவளிடம் அன்று இல்லை. அவ்வளவுதான்.

சொன்னாள். குடத்தை, டம்ளரை, வெளியாள் சட்டத்தை. ஒளித்து வைத்திருந்த மூன்றாவது குழாயை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

வழுக்கைக்காரர் வடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "ஆக, ஒரு வருஷமா நீ உங்கம்மா குடத்தை ஆராய்ச்சி பண்ணியிருக்கே!"

தயாளன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

சுந்தரவல்லி சிரிக்கவில்லை. குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அம்மா சொன்ன மாதிரியே, தூக்கிப் பிடித்துத்தான் பார்த்தார்.

"பட்டைச் சாறு. அந்த டேனரியில இப்போ பட்டை போடறாங்களா?"

"இல்ல மேடம். இப்போ குரோம் உப்புதான். பட்டைக் குழியெல்லாம் நான் பி.எஸ்ஸி. படிக்கும்போதே காலி பண்ணி, வண்டியில ஏத்தி எங்கேயோ கொட்டிட்டாங்க. எங்கப்பா அங்கே மேஸ்திரி."

"அப்படின்னா டேனரிப் பக்கத்துக் கிணத்துல குறைஞ்சுட்டது சரி. மேட்டுல எப்படி இருக்கும்? தண்ணி மேடு ஏறாதே."

"ஏறாது மேடம்."

"அப்போ கீழேயிருந்து வரலை. உங்க வீட்டுக்குப் பக்கத்திலேயே என்னவோ இருக்கு." அவர் குழாயை நிதானமாக வைத்தார். "அந்தக் கிணத்துத் தண்ணியை யாராவது குடிக்கிறாங்களா?"

"இல்ல மேடம்." இந்த ஒரு கேள்விக்குத்தான் அன்று முழுவதும் அவள் உறுதியாகப் பதில் சொன்னாள். "குடிக்க சர்ச் தண்ணி. யாரும் குடிக்கிறதில்ல."

சுந்தரவல்லி பேனாவை மூடினார்.

"இதை இன்னிக்கு சாங்ஷன் பண்ண முடியாது, மிஸ்டர் தயாளன். அடித்தளமே இல்லாத வீடு. ஆனா ரிஜெக்ட்டும் பண்ணலை. அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் மெட்ராஸ்லதான் இருக்கேன். நானே வந்து அந்தக் கிணத்தைப் பாக்கறேன்." அவள் பக்கம் திரும்பினார். "நீ இருப்பியா?"

அடுத்த வெள்ளிக்கிழமைக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை வருகிறது.

"தெரியல மேடம்" என்றாள் கிருபா.

வெளியே வராந்தாவில் தயாளன் டையைத் தளர்த்திக்கொண்டார். திட்டுவார் என்று நின்றாள். "நீ கொஞ்சம் முட்டாள்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

பல்லாவரத்தில் இறங்கியபோது சந்தை நிரம்பி வழிந்தது. கருவாடு, பழைய இரும்பு, கோழிக் கூடை, கத்திரிக்காய்க் குவியல். எல்லாவற்றுக்கும் மேலே விமானம் ஒன்று வயிறு தெரியத் தாழ்ந்து, மீனம்பாக்கம் பக்கம் போயிற்று. கூட்டம் இடித்தது. இடித்தவனை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை. அ, ஆ. கையில் பிரம்பு கொடுப்பார்கள். 'டீச்சர், ஒண்ணுக்கு' என்று விரல் நீட்டும் பிள்ளைகள். அதை நினைத்துப் பார்த்தாள். அழுகை வரவில்லை. ஊரப்பாக்கம் என்ற ஊரின் பெயர் மட்டும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது, ரயிலில் ஸ்டேஷன் பெயர் கத்துகிற மாதிரி.

வீட்டுக்குள் போகாமல் நேரே கொல்லைக்குப் போனாள். கிணற்றுக்கு மேலே இருந்த உருளையிலிருந்து கயிற்றைக் கழற்றினாள். ஈரக் கயிறு. முழுவதையும் இழுத்து, வாளியை அவிழ்த்து, சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டாள்.

தபீதாள் இடது கையால் வயிற்றைப் பிசைந்தபடி அடுப்பங்கரையிலிருந்து வந்தாள். "கமிட்டி இன்னாடி சொன்னாங்க? ஏய், கயித்த எங்க தூக்கிக்கினு போறே?"

"இந்தத் தண்ணி இனிமே வேணாம்மா."

"தொவைக்க?"

"வேணாம்."

"குளிக்க?"

"எதுக்கும் வேணாம். கெட்டுப்போன தண்ணி இது."

தபீதாள் கிணற்றைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள்.

"சரி. அப்போ நான் எதக் குடிக்கிறது?"

கிருபா தோளில் கயிற்றோடு நின்றாள்.

"நீ சர்ச்சு தண்ணிதானே குடிப்பே?"

"ரெண்டு கொடந்தானடி உடறாங்க. உங்கப்பாவுக்கு, உனக்கு, வர்ற போறவங்களுக்கு. வெள்ளிக்கெழமையானா உன் பாட்டிலுக்கு வேற. எனக்கு இது போதாதா? கொஞ்சம் துவர்க்கும். அதுக்கின்னா?" தபீதாள் சிரித்தாள். "நான் இன்னா வெளியாளா, நல்ல தண்ணி குடிக்க?"

'யாரும் குடிக்கிறதில்ல மேடம்' என்று கமிட்டியிடம் உறுதியாகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

மாடத்தில் பாட்டிலுக்குப் பக்கத்தில் எப்போதும் நின்ற ஓமவாட்டர் சீசா கிருபாவின் நினைவுக்கு வந்தது. மாதாமாதம் புதுச் சீசா வாங்கி வந்து வைத்தது அவள்தான். 'வயித்துல ஒரு எரிச்சல்' என்று அம்மா சொல்லும்போதெல்லாம், 'காரத்தைக் குறை' என்று டாக்டர் மாதிரி சொன்னதும் அவள்தான்.

"எத்தனை நாளாம்மா?" என்று கேட்டாள். காலையில் பாட்டிலைப் பற்றிக் கேட்ட மாதிரியே.

"இந்த வூட்டுக்கு வந்ததுலேர்ந்துதான். இன்னாடி ஆச்சு உனக்கு, மூஞ்சி வெளுத்துக் கெடக்குது? உக்காரு. காப்பி போடறேன். நல்ல தண்ணியிலதான் போடுவேன், பயப்படாதே."

முன்பக்கத்தில் கேட் கிறீச்சிட்டது. எலியேசர், சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, சுண்ணாம்பு படிந்த செருப்போடு கொல்லை வழியாக வந்தார்.

"கமிட்டி இன்னா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர், உருளையைப் பார்த்தார். கயிறில்லாத உருளை.

"உங்க பொண்ணு கெணத்துக் கயித்தக் கழட்டிட்டா" என்றாள் தபீதாள். "கெட்ட தண்ணியாம். கேளுங்க இந்தக் கூத்த."

கத்துவார் என்று இருவருமே எதிர்பார்த்தார்கள். முதலாளி கொடுத்த மனை, தான் வெட்டிய கிணறு. அதைக் குறை சொன்னால் அந்த மனிதர் பொறுப்பவரில்லை.

எலியேசர் கத்தவில்லை. கிணற்றடிக்குப் போனார். சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றி, உள்ளே குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தலையைத் திருப்பி, முருங்கை பட்டுப்போன அந்த மேற்கு மூலையைப் பார்த்தார்.

"கிருபா." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதைப் போல இருந்தது. "மேக்கால பக்கத்து உறையிலதானே கசியுது?"

தோளிலிருந்த கயிற்றின் ஈரம் சொட்டி அவள் பாதத்தில் விழுந்தது. சில்லென்றிருந்தது. காலையிலிருந்து அவள் உடம்புக்குத் தெரிந்த முதல் விஷயம் அது.

கசிவதைப் பற்றி அவள் இந்த வீட்டில் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.